பிக்கப் வண்டிக்கு சஸ்பென்ஷன் லிஃப்ட்: காசு கொடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் (சுருக்கமாக ஷாக்) மாற்றி வண்டியின் உடலைச் சக்கரங்களுக்கு மேல் இன்னும் உயர்த்துவதுதான் சஸ்பென்ஷன் லிஃப்ட். மலைப் பாதைக்கும் மணல் பாதைக்கும் ஓட்டவென்று இந்தியாவில் பிக்கப் வாங்குபவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது இரண்டு வண்டிகளில்: இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ். இரண்டுக்கும் அடிப்படை அமைப்பு ஒன்றுதான். முன்னால் இரட்டை விஷ்போன் ஆர்மும் (சக்கரத்தைப் பிடிக்கும் மேல், கீழ்க் கைகள்: அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம்) காயில் ஸ்பிரிங்கும், பின்னால் முழு ஆக்சிலும் லீஃப் ஸ்பிரிங்கும் (அடுக்கிக் கட்டிய இரும்புப் பட்டைகள்). கீழே உள்ள பதில்கள் இந்த அமைப்பை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

லிஃப்ட் போட்டால் உண்மையில் எது உயரும்?

சேஸிஸும் அதற்கு மேல் உட்கார்ந்திருப்பவையும் உயரும். பின் ஆக்சில் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. பின்னால் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் குண்டு (இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) சக்கரத்தோடு சேர்ந்தது. அதற்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிப்பது டயரின் ஆரம் மட்டுமே. ஆறு அங்குல லிஃப்ட் போட்டாலும் பாறையில் அந்தக் குண்டு இடிக்கும் என்றால் இடிக்கத்தான் செய்யும்.

ஹைலக்ஸின் 265/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ. அதையே 265/70 ஆர்17 ஆக்கினால் 803 மி.மீ. விட்டம் 27 கூடியது, குண்டுக்குக் கிடைத்தது அதில் பாதி, 13 மி.மீ. அவ்வளவுதான்.

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? வயிறு தட்டாமல் இருக்க. பிக்கப்பின் பெரிய பலவீனம் நீளம். வி-கிராஸின் வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கர மையங்களுக்கு இடையே உள்ள தூரம், 3,095 மி.மீ. இரண்டு சக்கரத்துக்கும் நடுவே சேஸிஸ் தரையிலிருந்து 250 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக் கணக்குப் போட்டால், மேட்டைத் தாண்டும் கோணம் சுமார் 18 டிகிரி. 50 மி.மீ. லிஃப்டுக்குப் பிறகு அது 22 டிகிரிக்கு அருகில் வரும். வரப்பு, மண்மேடு, ஓடைக்கரை ஏறி இறங்குபவருக்கு இந்த மூன்றரை டிகிரிதான் தட்டுவதற்கும் தாண்டுவதற்கும் இடையே உள்ள வித்தியாசம். முன் பம்பரின் ஏறு கோணமும் கூடும்.

எனக்கு லிஃப்ட் தேவைதானா?

வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். கீறல் எங்கே இருக்கிறது? சம்ப் கார்டிலும் (எஞ்சினுக்கு அடியில் உள்ள காப்புத் தகடு) சேஸிஸ் குறுக்குச் சட்டத்திலும் என்றால் லிஃப்ட் உதவும். குண்டில் என்றால் டயர் மாற்றுங்கள். எங்கேயும் கீறலே இல்லை, மணலிலும் சேற்றிலும் சிக்கிக்கொள்வதுதான் பிரச்சினை என்றால், முதலில் காற்றைக் குறைத்து ஓட்டப் பழகுங்கள். 32 பி.எஸ்.ஐ.யில் புதையும் வண்டி 18இல் எழுந்து போகும். அதற்குத் தேவை ஒரு காற்றளவு மானியும், திரும்ப அடிக்க ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸரும்தான்.

பார்வைக்காக என்றால் அதுவும் ஒரு காரணம்தான், வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் அப்போதும் கீழே சொல்லும் எல்லா விலையையும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

கடையில் முதல் கேள்வியே “எத்தனை இன்ச்?” என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

“முதலில் எடையைப் பார்ப்போம்” என்று சொல்லுங்கள். ஸ்பிரிங் எடை தாங்குகிற பொருள். எந்த எடைக்கு எந்த ஸ்பிரிங் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் உயரம் தானாக வந்து உட்காரும். உயரத்தை முதலில் முடிவு செய்து ஸ்பிரிங் வாங்கியவர்களின் வண்டிதான் ஒன்று கட்டை வண்டி போலத் தூக்கிப் போடும், அல்லது ஆறு மாதத்தில் பின்பக்கம் தொங்கும்.

வண்டியோடு எப்போதும் இருக்கப்போகிற சாமான்களைப் பட்டியல் போடுங்கள். இரும்பு புல் பார் (முன் பாதுகாப்புச் சட்டம்) 40 முதல் 60 கிலோ. வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார் உருளை) 25 முதல் 40 கிலோ வரை. இரும்புக் கேபிளுக்குப் பதிலாக சிந்தெடிக் கயிறு என்றால் பல கிலோ குறையும். பின் தொட்டிக்கு மூடு கூண்டு 60 முதல் 80. கூரைக் கூடாரம் 50 முதல் 70. தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 20 லிட்டர் டீசல் கேன் 17 கிலோ. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் 250 கிலோ எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே வந்துவிடும்.

இதைவிட நல்ல வழி எடை மேடை. பயணத்துக்குக் கட்டுவது போலவே வண்டியைக் கட்டி, டேங்கை நிரப்பி, ஆட்களையும் ஏற்றி, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை, முழு வண்டியையும் ஏற்றி ஒரு எடை எடுங்கள். கழித்தால் பின் ஆக்சில் எடை. ஸ்பிரிங் விற்பவரிடம் இந்த இரண்டு எண்ணைக் கொடுத்தால் பாதி வாக்குவாதம் முடிந்துவிடும்.

ஸ்பிரிங் பட்டியலில் பல வகை இருக்கிறதே, எதை எடுப்பது?

முன் காயில் பெரும்பாலும் மூன்று தரமாக வரும்: கூடுதல் எடை இல்லாததற்கு, புல் பாருக்கு, புல் பாரும் வின்சும் சேர்ந்ததற்கு. நாளை வின்ச் வாங்குவேன் என்று இன்றே கனமான காயில் போடாதீர்கள். மூக்கு தேவைக்கு மேல் தூக்கி நிற்கும், சிறு குழியில்கூட ஸ்டீயரிங்கில் அடி விழும். வின்ச் வரும் நாளில் காயிலை மட்டும் மாற்றலாம், ஷாக் அதேதான்.

பின் லீஃப் தேர்வில்தான் தவறு அதிகம். பட்டியலில் “300 கிலோ நிலையான சுமை” என்றால், தினமும் 300 கிலோ தொட்டியில் இருக்கும் வண்டிக்கு என்று பொருள். வாரக் கடைசியில் மட்டும் ஏற்றுபவருக்கு அது பொருந்தாது. வெறும் தொட்டியோடு அலுவலகம் போய்வரும் வண்டிக்கு அதைப் போட்டால், வேகத்தடையில் பின்பக்கம் துள்ளி, ஈரச் சாலையில் பின் டயர் பிடி விடும். எப்போதாவது மட்டும் சுமை ஏற்றுபவர் லேசான லீஃப் கட்டு போட்டு, கனம் ஏறும்போது மட்டும் தாங்கும்படி அடியில் ஒரு உதவிப் பட்டையோ, காற்றுப் பையோ வைத்துக்கொள்ளலாம். காற்றுப் பையில் ஒரு எச்சரிக்கை: அது சுமையைச் சேஸிஸின் ஒரே புள்ளியில் போடும். தொட்டியின் கடைசியில் கனம் வைத்து, காற்றை ஏற்றி, கரடு பாதையில் வேகமாக ஓட்டினால் சேஸிஸ் வளைந்துபோகும். ஆஸ்திரேலியாவின் கரட்டுப் பாதைகளில் இப்படி முதுகு ஒடிந்த பிக்கப்புகளின் படங்கள் ஏராளம்.

இன்னொன்று. ஸ்பிரிங் எவ்வளவு கனமாக இருந்தாலும் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை மாறாது. பிரேக்கும் ஆக்சிலும் பேரிங்கும் பழையவைதானே.

சரி, கடைசியில் எத்தனை இன்ச்தான் போடலாம்?

இந்த முன் அமைப்புக்கு 40 முதல் 50 மி.மீ. அதாவது வழக்கில் சொல்லும் “ரெண்டு இன்ச்”. ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டாக், டாபின்சன்ஸ் போன்ற ஆஸ்திரேலிய பிராண்டுகளின் வழக்கமான கிட்டுகள் எல்லாம் இந்த அளவையே சுற்றி நிற்பதற்குக் காரணம் உண்டு. அதற்கு மேல் போனால் டிரைவ் ஷாஃப்ட் (முன் சக்கரத்தைச் சுழற்றும் தண்டு), பால் ஜாயின்ட் (ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பந்து மூட்டு), ஸ்டீயரிங் கோணம் மூன்றும் ஒரே நேரத்தில் எல்லையைத் தொடும். 75 மி.மீ. வேண்டும் என்றால் அப்பர் ஆர்ம் கட்டாயம். 100க்கு மேல் என்றால் முன் டிஃபரென்ஷியலையும் லோயர் ஆர்ம்களையும் இறக்கிப் பொருத்தும் பிராக்கெட் கிட் வேண்டும். சேஸிஸில் வெட்டும் வெல்டிங்கும் வரலாம். அது வேறு உலகம். தினசரி ஓட்டும் வண்டிக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

வெறும் ஸ்பேசர் போட்டால் மலிவாக முடியுமே?

முடியும். ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள். ஸ்பேசர் இரண்டு வகை.

ஒன்று, ஸ்ட்ரட்டின் (முன் காயிலும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) தலைக்கு மேல் வைக்கும் வட்டு. ஸ்ட்ரட் லோயர் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருப்பதால், தலையில் 25 மி.மீ. வைத்தால் சக்கரத்தில் தோராயமாக அதன் இரட்டிப்பு கிடைக்கும். இது தெரியாமல் “ரெண்டு இன்ச் லிஃப்டுக்கு ரெண்டு இன்ச் ஸ்பேசர்” என்று கடைசல் பட்டறையில் அலுமினியத்தைக் கடைந்து போட்டவர்கள் உண்டு. வண்டி நான்கு அங்குலம் எழும்பும், முதல் பெரிய பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது அப்பர் பால் ஜாயின்ட் எல்லை தாண்டி அறுபடும். அளவு சரியாக இருந்தாலும், சக்கரம் முழுதாக மேலேறும்போது ஆர்மின் ரப்பர் பம்ப் ஸ்டாப் தொடும் முன்பே ஷாக்கின் உள்ளே பிஸ்டன் அடியில் இடிக்கும் ஆபத்து உண்டு.

மற்றது, காயிலுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே வைத்துக் காயிலை மேலும் இறுக்கும் வளையம். இதில் ஷாக்கின் நீளம் மாறுவதில்லை. ஆகவே கீழே இறங்கும் பயணம் குறைந்துபோகும். வேகத்தடையில் இறங்கும்போது முன்பக்கம் “டக்” என்று ஒரு உலோகச் சத்தம் வந்தால், ஷாக் முழுதாக நீண்டு தலையில் அடிக்கிறது என்று பொருள்.

மூக்கு சற்றுத் தாழ்ந்திருக்கும் வண்டியைச் சமன்படுத்த 10 முதல் 12 மி.மீ. தலை வட்டு தவறில்லை. முழு லிஃப்டையும் அதை வைத்தே எடுப்பது தவறு.

பின்பக்கம் பிளாக், நீள ஷாக்கிள், கூடுதல் பட்டை: இவற்றில் எது?

முடிந்தால் எதுவும் வேண்டாம், முழு லீஃப் கட்டையும் மாற்றுங்கள். முடியாவிட்டால் இந்த வரிசையில் யோசியுங்கள்.

கூடுதல் பட்டை செருகுவது நம் லாரி லீஃப் பட்டறைகளில் காலங்காலமாக நடப்பது. உயரம் வரும், தாங்கும், ஆனால் வெறும் வண்டி முரடாகும். செருகும் பட்டை நீளமாக இருக்க வேண்டும். குட்டைப் பட்டை செருகினால் அதன் முனை மேல் பட்டையை ஒரே இடத்தில் அழுத்தி, அங்கேதான் முறியும்.

ஷாக்கிள் என்பது லீஃபின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் அசையும் தகடு. நீள ஷாக்கிளில் கூடும் நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். பினியன் கோணம் (பின் டிஃபரென்ஷியலுக்குள் புரொப்பெல்லர் ஷாஃப்ட் நுழையும் கோணம்) மாறும், பக்கவாட்டில் ஆட்டம் கூடும்.

ஆக்சிலுக்கும் லீஃபுக்கும் நடுவே பிளாக் வைத்தால் ஸ்பிரிங் மென்மை கெடாது என்பது உண்மை. ஆனால் ஆக்சில் லீஃபை முறுக்கும் நெம்புகோல் நீளமாகிவிடும். ஹைலக்ஸின் ஆட்டோமேட்டிக்கில் 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. லோ கியரில் ஏறும்போது பட்டை ‘எஸ்’ போல வளைந்து ஆக்சில் துள்ளும். பிளாக் மேல் பிளாக் அடுக்குவது, மரக்கட்டை வைப்பது இரண்டும் உயிரோடு விளையாடுவது.

ஷாக்கில் எவ்வளவு செலவு செய்யலாம்?

பட்ஜெட் இறுக்கம் என்றால் மற்ற எதிலும் குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள். ஸ்பிரிங் தாங்குகிறது, ஷாக் அடக்குகிறது. புதிய கனமான ஸ்பிரிங்குக்குப் பழைய ஷாக்கை விட்டுவைத்தால் அதனால் அடக்க முடியாது. நீளமும் போதாது.

நைட்ரஜன் அடைத்த இரட்டைக் குழாய் ஷாக் நகரம், நெடுஞ்சாலை, மாதம் ஒரு காட்டுப் பாதை என்று ஓட்டுபவருக்குப் போதும். குழாய் சற்று நசுங்கினாலும் வேலை செய்யும் என்பது கல் தெறிக்கும் பாதையில் ஒரு வசதி. ஃபோம் செல் வகையில் வாயுவுக்குப் பதில் நுரைப் பொருள் இருப்பதால், மணிக்கணக்கில் அலைமேடு ரோட்டில் ஓடினாலும் எண்ணெய் நுரைத்துப் பலம் இழப்பது குறையும். எண்ணெயும் அதிகம் கொள்ளும். ஒற்றைக் குழாய் ஷாக் சூட்டை வேகமாக வெளியே தள்ளும், திருப்பத்தில் துல்லியம் தரும். ஆனால் வெளிக்குழாயில் பெரிய நசுங்கல் விழுந்தால் பிஸ்டன் சிக்கும். தனி டேங்க் வைத்த வகை ராலி ஓட்டுபவருக்கு. லடாக்கின் அலைமேட்டில் முழுச் சுமையோடு நாள் முழுக்க ஓட்டுபவருக்கு வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

சூடு ஏறிய ஷாக்கைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டாம். காலையில் ஒழுங்காக நின்ற வண்டி மதியத்துக்கு மேல் ஒரு மேட்டுக்கு இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடினால் அதுதான்.

அப்பர் ஆர்ம் மாற்றியே ஆக வேண்டுமா?

50 மி.மீ.க்குள் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. அலைன்மென்ட் தாளைப் பார்த்து முடிவெடுங்கள். முன்பக்கம் உயர்ந்தால் காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறையும். காஸ்டர் குறைந்தால் திருப்பம் முடிந்து ஸ்டீயரிங் தானாக நடுவுக்கு வருவது மந்தமாகும், 90 கி.மீ. வேகத்தில் வண்டி லேசாக அலையும். லோயர் ஆர்மில் அலைன்மென்டைச் சரிசெய்யும் கேம் போல்ட்டைக் கடைசிவரை திருப்பியும் நிறுவனம் சொல்லும் காஸ்டர் வரவில்லை, அல்லது இடது வலது அரை டிகிரிக்கு மேல் வேறுபடுகிறது என்றால் அப்பர் ஆர்ம் வாங்குங்கள். இன்னொரு அடையாளம்: சக்கரம் தொங்கும்போது அப்பர் ஆர்ம் காயிலைத் தொட்டுப் பெயின்ட் உரிந்திருக்கும்.

டிஃப் டிராப் கிட்?

முன் டிஃபரென்ஷியலை 20, 25 மி.மீ. இறக்கி டிரைவ் ஷாஃப்டின் கோணத்தைக் குறைக்கும் ஸ்பேசர்கள் அவை. பயன் உண்டு, ஆனால் சம்ப் கார்டையும் இறக்க வேண்டிவரும், கஷ்டப்பட்டுச் சேர்த்த இடைவெளியில் கொஞ்சம் திரும்பப் போகும். 40 மி.மீ. லிஃப்டுக்கு வேண்டாம். 50ஐத் தொட்டு, அடிக்கடி ஃபோர் வீலில் ஓட்டுபவர் போடலாம்.

பெரிய டயர் உரசுகிறது, லிஃப்ட் போட்டால் சரியாகுமா?

சமதளத்தில் நிற்கும்போது உரசினால் சரியாகும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி, ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது உரசினால் சரியாகாது. காரணம் எளிது: ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது சக்கரம் லிஃப்டுக்கு முன் எங்கே போய் நின்றதோ, அங்கேயேதான் போய் நிற்கும். அங்கே இடம் தருவது மட்ஃப்ளாப்பை நகர்த்துவது, உள் லைனரைச் சூடாக்கி உள்ளே தள்ளுவது, சேஸிஸ் மவுன்ட் பக்கம் விளிம்பைச் சீர்செய்வது போன்ற வேலைகள்தான். குறைந்த ஆஃப்செட் வீல் (ஃபெண்டரைவிட்டு வெளியே தள்ளி நிற்கும் வீல்) போட்டு டயரை வெளியே தள்ளினால் உரசல் கூடும், பேரிங் சுமையும் கூடும்.

டயர் விட்டம் கூடினால் மீட்டர் குறைத்துக் காட்டும். 255/60 ஆர்18இலிருந்து 265/65 ஆர்18க்குப் போனால் 5 விழுக்காடு வித்தியாசம்: மீட்டரில் 100, சாலையில் 105. கியரும் அந்த அளவுக்கு நீளமாகி, ஏற்றத்தில் இழுவை குறையும்.

வி-கிராஸுக்கு வெளிநாட்டுக் கிட் வரவழைக்கிறேன். எந்த ஆண்டு என்று சொல்ல வேண்டும்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தாய்லாந்தில் 2019 கடைசியிலிருந்தும் ஆஸ்திரேலியாவில் 2020 முதலும் புதிய தலைமுறை டி-மேக்ஸ் விற்கிறது. இந்தியாவில் 2021இல் வந்த பி.எஸ்.6 வி-கிராஸ் முந்தைய தலைமுறையின் சேஸிஸில் செய்தது. “2021 மாடல்” என்று எழுதினால் பொருந்தாத புதிய தலைமுறைக் கிட் வந்து சேரும். 2011-12இல் தொடங்கிய தலைமுறை என்று குறிப்பிட்டு, ஸ்ட்ரட்டின் தலைப் போல்ட் இடைவெளி, பின் லீஃபின் கண்ணிலிருந்து கண்ணுக்கு நீளம், புஷ் (போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் உருளை) விட்டம் மூன்றையும் அளந்து, படத்தோடு அனுப்பி உறுதி செய்யுங்கள்.

பொருத்தும்போது பட்டறையில் எதைக் கண்காணிக்க வேண்டும்?

வேலை தொடங்கும் முன் அளவெடுங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர் மேலே ஃபெண்டர் விளிம்புவரை டேப் பிடித்து, நான்கு சக்கரத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கைக் கெடுக்கும். இந்த நான்கு எண் இல்லாமல் பிறகு “எவ்வளவு ஏறியது” என்று யாராலும் சொல்ல முடியாது. ஓட்டுநர் பக்கம் சற்றே சாய்ந்து நிற்பதும் அப்போதே தெரியும். அந்தப் பக்கம் ஒரு 5 மி.மீ. டிரிம் வளையம் வைத்து ஈடுகட்டலாம்.

காயிலை அமுக்க நல்ல ஸ்பிரிங் கம்ப்ரஸர் இருக்கிறதா பாருங்கள். கம்பி கட்டி அமுக்குகிறோம் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நழுவிய காயில் கையை உடைக்கும்.

மிக முக்கியமான, அதிகம் பிழையாகும் இடம் இது: லோயர் ஆர்ம் புஷ் போல்ட், லீஃப் கண் போல்ட், ஷாக்கிள் போல்ட் மூன்றையும் வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுதாக முடுக்கக் கூடாது. லேசாகப் பிடிக்கவிட்டு, சக்கரம் மாட்டி, தரையில் இறக்கி, முன்னும் பின்னும் சற்று உருட்டி, எடை உட்கார்ந்த பிறகு டார்க் ரெஞ்சில் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் அந்தக் கோணத்திலேயே கடித்துக்கொள்ளும். தரையில் இறங்கியதும் நிரந்தர முறுக்கில் இருந்து, சில மாதத்தில் கிழியும். அதுவரை வண்டி வர வேண்டிய உயரத்தைவிட அதிகமாகவும் நிற்கும். கிட் தரம் சரியில்லை என்ற புகாரில் கணிசமானது இதுதான்.

லீஃபை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் புதிதாகத்தான் போட வேண்டும். ஒருமுறை இழுபட்டது திரும்ப அதே பிடி தராது.

பிறகு, சக்கரங்கள் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர், ஆக்சிலின் மூச்சுக் குழாய் எதுவும் இறுகி நிற்கவில்லை என்று கையால் தொட்டுப் பாருங்கள். மூச்சுக் குழாயை இந்தச் சாக்கில் எஞ்சின் அறைவரை நீட்டிவிடுவது நல்லது. சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, குழாய் முனை தாழ்ந்திருந்தால் தண்ணீரை உறிஞ்சும். டிஃபரென்ஷியல் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் அதுதான் நடந்தது.

பின் ஆக்சிலோடு இணைந்த சுமை உணர் பிரேக் வால்வு உள்ள வண்டி என்றால், அதன் கம்பியையும் லிஃப்டுக்கு ஏற்ப நகர்த்த வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி காலி என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

கடைசியில் அலைன்மென்ட், ஸ்டீயரிங் கோண சென்சாரைச் சுழியத்துக்குக் கொண்டுவருதல், ஹெட்லைட்டை இறக்குதல். மூன்றாவதை மறந்தவரின் வண்டியை எதிரே வருபவர் சபிப்பார்.

அதன் பிறகு?

முதல் 500 கி.மீ.யில் யூ போல்ட்டும் மற்றவையும் மறுமுடுக்கம். 1,000 கி.மீ.க்குள் ஸ்பிரிங் 5 முதல் 10 மி.மீ. தாழ்ந்து நிலைகொள்ளும், அப்போது மறுபடி அலைன்மென்ட். கடற்கரை மணலில் ஓட்டினால் லீஃப் பட்டைகளுக்கு நடுவே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். உப்பும் மணலும் சேர்ந்து அரைக்கும்.

லிஃப்டுக்குப் பிறகு புது சத்தம், அதிர்வு. எங்கே பார்ப்பது?

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது முதல் 30 கி.மீ. வேகம்வரை தரை நடுங்கினால், இரண்டு துண்டு புரொப்பெல்லர் ஷாஃப்டின் நடு பேரிங்கைப் பாருங்கள். பின்பக்கம் உயர்ந்ததால் அங்கே கோணம் மாறியிருக்கும். பேரிங்கை இறக்கும் சிறு ஸ்பேசர் போதும். வேகத்தோடு அதிர்வும் கூடினால் ஷாஃப்டை விடுங்கள், வீல் பேலன்ஸ் பாருங்கள்.

ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி ஃபோர் வீலில் நகரும்போது “டிக் டிக்” என்றால் டிரைவ் ஷாஃப்டின் முனையில் உள்ள மூட்டான சி.வி. ஜாயின்ட். அதற்கு முன்பே அதன் ரப்பர் பூட் சொல்லிவிடும்: கோணம் கூடியதால் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசி வெடித்து, சக்கரத்தின் உட்புறத்தில் கரும் கிரீஸ் வட்டமாகத் தெறித்திருக்கும். அந்தக் கட்டத்தில் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். மணல் புகுந்த பிறகு ஷாஃப்டே போகும்.

பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கும்போது ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுத்தால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் சாய்ந்துவிட்டது. அலைன்மென்டால் இது தீராது, உயரத்தைக் குறைப்பதுதான் மருந்து.

வண்டி கவிழும் ஆபத்து கூடுமா?

கூடும். டிராக் அகலத்தில் (இடது, வலது டயர்களின் நடுக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரம்) பாதியை ஈர்ப்பு மைய உயரத்தால் வகுத்தால் வருவது வண்டியின் நிலைப்பு அளவு. கணக்குக்காக டிராக் 1,550 மி.மீ., மைய உயரம் 700 என்று கொள்வோம்: 1.11 வரும். 50 மி.மீ. லிஃப்டில் மையம் சுமார் 40 ஏறும், 1.05 ஆகும். ஐந்து விழுக்காடுக்கு மேல் போயிற்று. அதன் மேல் கூரையில் ஒரு கூடாரத்தையும் இரண்டு கேனையும் ஏற்றினால் இன்னும் போகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இது உடம்பிலேயே தெரியும். கனத்தைத் தொட்டியின் தரையில், ஆக்சிலுக்கு முன்னால் வையுங்கள்.

சட்டம் அனுமதிக்கிறதா?

இந்தியாவில் இதற்கு வசதியான பதில் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, நிறுவனம் முதலில் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். “ரெண்டு இன்ச்சை யார் பார்க்கப் போகிறார்கள்” என்று கடையில் சொல்வார்கள். சோதனையில் நிற்பது நீங்கள், கடைக்காரர் இல்லை. உங்கள் ஆர்.டி.ஓ.விடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாத மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் இழப்பீடு சிக்கலாகும். வாரன்டியில் சஸ்பென்ஷன், டிரைவ் ஷாஃப்ட் சார்ந்த கோரிக்கைகள் மறுக்கப்படலாம்.

பாடி லிஃப்ட் எப்படி?

கேபினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கட்டை வைப்பது. பெரிய டயருக்கு இடம் தரும், வயிற்றுக்கு ஒன்றும் தராது. ஸ்டீயரிங் ஷாஃப்ட், ரேடியேட்டர் கூண்டு, கியர் லீவர் எல்லாம் இடம் மாறும். வேண்டாம்.

பழைய கிட் ஒன்று கைமாற்றாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

லீஃப் கட்டு வாங்கலாம், பட்டைகளில் முடி விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, குறிப்பாகச் சென்டர் போல்ட் துளையைச் சுற்றி. காயில் வாங்கலாம், அதில் அடித்திருக்கும் எண் உங்கள் எடைக்கானதா என்று சரிபார்த்து. இடது வலது உயரம் வேறாக இருந்தால் மாற்றி மாட்டிவிடாதீர்கள். ஷாக்கின் தண்டில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் வேண்டாம். நிற்க வைத்து முழுதாக அமுக்கி விடுங்கள். வாயு உள்ள ஷாக் என்றால் தண்டு மெதுவாகத் தானாக வெளியே வர வேண்டும். அமுக்கிய இடத்திலேயே நின்றால் வாயு போய்விட்டது. யூ போல்ட்டும் புஷ்ஷும் எப்படியும் புதிதுதான்.